இராக்கொக்குக்குக் காத்திருப்பவர்

பொழுது சாயத் தொடங்கியதும் கண்ணாடிக்காரர் கடையின் பெயர்ப்பலகை விளக்கை அணைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக்கு ஆள் வந்து நின்றாலும் சரி, காத்திருக்க வேண்டியதுதான். லென்ஸ் தேய்த்த தூள் விரல்களில் அப்படியே இருக்க, கடைக்குப் பின்னால் போய்ப் படியில் உட்காருவார். எதிரே கால்வாய், அதன் கரையில் அடர்ந்த ஒரு மரம். "வியாபாரம் பாக்குற மனுஷனா இவரு?" என்று அவர் மனைவி கேட்காத நாளில்லை.

அவர் காத்திருப்பது இராக்கொக்குக்கு. குட்டைக் கழுத்து, கறுத்த உச்சி, சிவந்த கண். இந்தப் பக்கம் அது தென்படுவது அத்தி பூத்தாற்போல. மற்றக் கொக்கெல்லாம் அடையப் போகும் நேரத்தில் இது இரைக்குக் கிளம்பும். "நம்ம நைட் ஷிப்ட் ஆளு" என்பார், ஏதோ சொந்த மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல்.

போன மழைக்காலத்தில் ஒரு ஜோடி அந்த மரத்தில் கூடு கட்டியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். பறவைகளோ இலைக்குள்ளிருந்து அசையவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, கைபேசியில் இராக்கொக்கின் குரலை ஓடவிட்டார். வேறொரு கொக்கு இடம்பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்து இரண்டும் கூட்டைவிட்டுப் பாய்ந்து வந்தன. படம் பிரமாதமாக விழுந்தது. மறுநாளும் ஓடவிட்டார். கூடு காலியாக இருந்த அந்த இடைவெளியில் காக்கைகள் கூட்டுக்குள் புகுந்துவிட்டன. மரத்தடியில் கிடந்த வெளிர்நீல முட்டையோடுகளைப் பொறுக்கியவரும் அவர்தான். ஜோடி அதன்பிறகு வரவில்லை.

"அதுங்க குடியைக் கெடுத்துட்டேன். ஆசை ஆசையாக் கூப்பிட்டுக் கெடுத்தேன்" என்றார், சில மாலைகளில் படியில் கூட உட்காரும் என்னிடம். "ஒரே ஒரு தடவை வந்து உக்காந்தாப் போதும். கண் நிறையப் பாத்துடுவேன்."

நேற்று நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, கேமராப் பையோடு ஒருவர் கடை வழியாக நேரே படிக்கே வந்துவிட்டார். இங்கே இராக்கொக்கு உண்டாமே என்று விசாரித்தார். அதன் குரல்கூடத் தன்னிடம் இருக்கிறதென்று, கைபேசியைக் குனிந்து துழாவினார். அப்போதுதான் கால்வாய்க்கு மேலே தாழ்வாகப் பறந்து வந்து ஒன்று கீழ்க்கிளையில் உட்கார்ந்தது. நான் பார்த்தேன். கண்ணாடிக்காரரும் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க" என்றார். "உள்ள வாங்க, உங்க கண்ணைக் கொஞ்சம் பாத்துடலாம்."

வந்தவரின் தோளில் கைபோட்டு உள்ளே திருப்பினார். என்னையும் எழுப்பினார். பிறகு, மரத்தின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல், கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.