அடிக்கக் கூடாத இடம்

பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறியிருந்தேன். கல்யாணமாகி, கையில் நாலு மாதக் குழந்தையோடு தனித்தேர்வராகத் திரும்ப எழுதினேன். பத்து தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம். வீட்டுக்காரர், "இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுரு" என்று சொல்லியிருந்தார்.

எனக்கு வராதது இயற்கணிதப் பின்னம். மேலே x², கீழே x² என்று கண்டதும் இரண்டையும் அடித்துவிடுவேன். பதினொன்றாம் வகுப்பு படித்த என் நாத்தனார்தான் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லித் தந்தாள்.

"மதினி, கூட்டல் கழித்தல் இருக்கையில அடிக்கக் கூடாது. மேலயும் கீழயும் பெருக்கலா உடைச்சிட்டு, பொறவுதான் அடிக்கணும். சந்தேகம்னா x-க்கு ஒண்ணு போட்டுப் பாருங்க."

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பிள்ளைக்குப் பால் கொடுத்து, வாசலில் அவரிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். பாதி நேரம் ஆகியிருக்கும். அழுகை கேட்டது. என் பிள்ளையின் குரல்தான். பால் கட்டி, ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்தார். "ஒங்க பிள்ளையாம்மா?"

"ஆமா சார். பால் குடுத்துட்டு வந்துருதேன்."

"போனா பேப்பரக் குடுத்துட்டுப் போயிரணும். திரும்ப உள்ள விடமாட்டாங்க."

எழுதியதை மட்டும் வைத்துத் தேற முடியாது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கணக்கு: மேலே x² − 5x + 6, கீழே x² − 9. சுருக்கச் சொல்லியிருந்தது. அழுகை நிற்கவில்லை. கை தன்னால் இரண்டு x²-ஐயும் அடித்துவிட்டது. x-க்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். கொடுத்த பின்னத்தில் கழித்தல் கால் வந்தது, நான் அடித்து வைத்திருந்ததில் கழித்தல் ஒன்பதில் ஒன்று. முழுசையும் கோடு போட்டுத் தள்ளிவிட்டு மறுபடி எழுதினேன். மேலே (x − 2)(x − 3), கீழே (x + 3)(x − 3). (x − 3) இரண்டையும் அடித்தேன். மிஞ்சியது கீழே x + 3, மேலே x − 2. ஒன்று போட்டேன், கழித்தல் கால் வந்தது.

அதற்குள் வெளியே சத்தம் அடங்கியிருந்தது. அது அழுகையைவிட மோசமாக இருந்தது. மீதிக் கணக்குகளை எப்படி எழுதினேனோ, மணி அடித்ததும் ஓடினேன்.

பிள்ளை அவர் தோளில் விக்கிக்கொண்டு கிடந்தான். பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவர் துண்டை விரித்து மறைத்துப் பிடித்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நான் தேறினேன், மயிரிழையில்.