ஒன்பதாம் பிரிவில் விழுந்துபோன ‘வி’

“சார், யூக ஆய்வுன்னா இன்னா சார்?”

கடப்பாக்கத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வந்திருந்த தனலட்சுமி, நாலாக மடித்த ஒரு நகலை என் மேசையில் விரித்து, ஒன்பதாம் பிரிவின்மேல் விரலை வைத்தார். குப்பத்து மகளிர் குழுவுக்கு அவர் தலைவி. நான் கடலோரப் பணிகளைப் பார்க்கும் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தொண்ணூறுகளின் பின்பாதி. ஜன்னலுக்கு வெளியே ஏரி, யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல அசையாமல் கிடந்தது.

குனிந்து படித்தேன். ‘பணியிடம் முடிவாகும் முன், இரு துறைகளும் கூட்டாக யூக ஆய்வு மேற்கொள்ளும்.’

கடல் அரிப்பைத் தடுக்கக் கற்சுவர் கட்டுவதற்காக, எங்கள் துறைக்கும் மீனவர் நலன் பார்க்கும் துறைக்கும் ஏற்பட்ட ஒத்துழைப்பு ஒப்பந்தம் அது. ஆங்கில மாதிரி வரைவில் ‘ஸ்ட்ராட்டஜிக் அனாலிசிஸ்’ என்று ஒரு பிரிவு இருந்தது. இன்று கல் கொட்டினால் பத்து வருஷம் கழித்துக் கரையும் மனிதர்களும் என்ன ஆவார்கள் என்று இரண்டு துறைகளும் சேர்ந்து முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். அதை ‘வியூக ஆய்வு’ என்று தமிழாக்கியவன் நான். தட்டச்சில் ‘வி’ விழுந்துவிட்டது. ‘ஒப்புநோக்கப்பட்டது’ என்று கீழே சுருக்கொப்பம் போட்டவனும் நானே. துறைத் தலைவர்கள் இருவரும் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். அது மரபு.

“தட்டச்சுப் பிழைம்மா. வியூக ஆய்வுன்னு இருக்கணும்.”

“அத்த பண்ணாங்களா?”

நான் நகலை மறுபடியும் நாலாக மடித்தேன்.

“அப்ப யூகம்தான் சார். கரெக்டாத்தான் போட்டுகிறீங்க.”

எங்கள் பொறியாளரிடம் போனேன். அவர் தலை நிமிரவில்லை. “பேனாவால ஒரு ‘வி’ போட்டு இனிஷியல் வைங்க. அடுத்த வாரம் கல்லு லாரி வருது.”

“ஆய்வு, சார்?”

“மீனவர் துறைக்காரரும் நானும் ஒரு நாள் டீ குடிச்சோமே, அதை மினிட்ஸா எழுதிடுங்க.”

நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் பணியிட வர்ணனை வேண்டும். அந்தக் கரையைப் பற்றி எத்தனையோ குறிப்புகள் எழுதியிருக்கிறேனே தவிர, அதைப் பார்த்ததில்லை. மறுநாள் போனேன்.

புரட்டாசி வெயில். கடல் தூக்கத்தில் புரள்வதுபோல மெல்லப் புரண்டது. காற்றில் மணல் மெலிதான புகையாக ஓடி, என் காலடித் தடத்தை நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதி மூடிவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கோப்பு எண்கள் எல்லாம் மறந்துவிட்டன. பிறகுதான் கற்சுவர் வரும் இடத்தைக் குறிக்க எங்கள் ஆட்கள் நட்டிருந்த, சிவப்புச் சாயம் பூசிய அளவு முளைகள் கண்ணில் பட்டன. படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலுக்கு நட்டநடுவில் வரிசையாக நின்றன.

“இந்த மணலு கார்த்திகையில போவும், மாசியில வரும் சார்,” என்றார், பின்னால் வந்து நின்ற தனலட்சுமி. “எங்கூட்டுக்காரரு மாதிரி. கோச்சுகினு போய்ட்டுத் திரும்பி வந்துடும்.”

படகடியில் வலை தைத்துக்கொண்டிருந்த அவர் கணவர், “என்ன ஏன் இஸ்துகினு வர்ற?” என்றார்.

“நடுவுல கல்லு கொட்டினா, போற மணலு போனதுதான். திரும்பி வர எடம் கெடையாது. அப்பால படகை எங்க ஏத்துறது? உங்க ஆபீசு மொட்ட மாடியிலயா?”

திரும்பி வந்து கோப்பில் குறிப்பு எழுதினேன். ‘கையெழுத்தான ஒப்பந்தத்தில் பேனாத் திருத்தம் செல்லாது. இரு துறைத் தலைவர்களும் ஒப்பமிட்டுப் பிழைதிருத்தம் வெளியிட வேண்டும். அதுவரை ஒன்பதாம் பிரிவு நிறைவேறியதாகக் கொள்ள இயலாது. பணி தொடங்கலாகாது.’

பொறியாளர் கோப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கே வந்தார். “யோவ், ஒரே ஒரு எழுத்துய்யா!”

“எழுத்து ஒண்ணுதான் சார். கையெழுத்து ரெண்டு.”

“உமக்குத்தான் மெமோ வரும், தெரியுமா?”

மெமோ வந்தது. அதன் வரைவையும் நானே தயாரித்தேன். மெமோ எழுதும் வேலையும் என் மேசையில்தான் இருந்தது. கோப்பை நான் ஒரு நாள்கூட நிறுத்தி வைக்கவில்லை. அதை அதன் இயல்பான வேகத்தில் போகவிட்டேன், அவ்வளவே.

கார்த்திகையில் கடல் ஏறியது. மறுபடி போய்ப் பார்த்தேன். முளைகள் அலைக்குள் நின்றன. படகுகளை வீட்டு வாசல்வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடலோர வரிசை வீடுகளுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு படகின் நீளம்தான் மிச்சம். நான் காட்டிய விதி சரி, அவர் சொன்ன மணல் கணக்கு தப்பு என்றால்? தனலட்சுமி பக்கத்தில் வந்து நின்றார்.

“பயந்துகினு கீறீங்களா சார்?”

“ஆமாம்மா.”

“நானுந்தான்,” என்றார்.

பிழைதிருத்தத்தில் ஒப்பமிடும் இடம் என்ற கட்டத்தில் நான் ‘பணியிடம்’ என்று எழுதியிருந்தேன். அதையும் யாரும் படிக்கவில்லை. அதனால் மாசியில் இரண்டு தலைவர்களும், கூடவே எங்கள் பொறியாளரும், ஜீப்பில் கரைக்கு வந்து இறங்க நேர்ந்தது. மணல் வெள்ளையாக, அகலமாக, எங்கும் போகாததுபோலப் படுத்திருந்தது. பொறியாளர் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார்.

“நம்ம முளையெல்லாம் எங்கய்யா?”

“அதோ, அந்தப் படகுக்கு அடியில தோண்டு சார்,” என்றார் தனலட்சுமி. “ஒரு ஆளு ஆழம் போவணும்.”

பொறியாளர் குனிந்து ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தார். பிறகு, “போன வருஷமும் இப்படித்தானாம்மா?” என்று கேட்டார். அந்த ஆய்வின் முதல் கேள்வி அது. மத்தியானம்வரை பேசினார்கள். அந்தக் கரைக்குக் கற்சுவர் வேண்டாம் என்று முடிவாயிற்று.

இப்போது இத்தகைய ஒப்பந்தங்களை எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘ஆய்வு மேற்கொள்ளப்படும்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். யார், எங்கே நின்று, எந்தப் பருவம்வரை பார்க்க வேண்டும் என்பதையும் அதே பிரிவில் எழுதுங்கள். எழுதாததை எந்த அலுவலகமும் செய்யாது.

அன்று ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, பங்கேற்றோர் பட்டியல் எழுதினேன். தனலட்சுமியின் பெயருக்கு நேரே பதவிக் கட்டம் காலியாக இருந்தது. என்ன போடுவது என்று அவரிடமே கேட்டேன்.

“கரையில கீறவங்கன்னு போடு சார்.”

போட்டேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.