டேங்க் மூடி

கிள்ளான் வீட்டின் பின்புறம் அப்பாவின் பழைய மோட்டார்சைக்கிள் டேங்கில் வினிகரும் ஒரு பிடி இரும்பு நட்டுகளும் போட்டுக் குலுக்கித் துருவைக் கொட்டியபோது, அந்தப் புளித்த நெடியில் நாங்கள் முன்பு குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்து எழுந்து வந்தது. இன்று அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அந்தச் சந்தில் அப்பாவும் இப்படித்தான் குலுக்கிக்கொண்டிருப்பார். ரயில் போகும்போது மட்டும் அந்தக் குலுக்கல் சத்தம் அமுங்கும். பக்கத்து வீட்டு மணியம் அங்கிள் பொறாமையில் டேங்கில் தண்ணீர் ஊற்றுகிறார் என்பது அப்பாவின் சந்தேகம். வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போவார். கேட்டுக் கேட்டு எனக்கும் அங்கிளின் நடை திருட்டு நடையாகவே பட்டது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா வண்டியின் டேங்க் மேல் செம்பு செம்பாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, டேங்க் மூடியில் பொட்டு வைப்பாள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். வெடித்திருந்த ரப்பர் வளையத்துக்கு உள்பக்கம் மஞ்சளும் குங்குமமும் அடையாக ஒட்டியிருந்தன.

"இவ்ளோ துருவா? எல்லாம் அந்த மணியம் வேலதான் லா," என்றார் நாற்காலியில் இருந்த அப்பா.

அம்மா என் கையிலிருந்து மூடியை வாங்கினாள். முந்தானையால் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஆமாங்க," என்றாள்.