பெல்லட் தள்ளும் பித்தளைக் குச்சி

ஓய்வு பெற்ற மனிதர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இல்லையென்றால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அரசியல்வாதிகளைத் திட்டுவார்கள். என் வீட்டுக்காரர் என் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார்.

துப்பாக்கி என்றதும் யாரும் மிரள வேண்டாம். அது ஏர் ரைஃபிள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும்; ஈயத்தில் செய்த பொடிசான பெல்லட்டைக் குழலின் பின்வாயில் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, நிமிர்த்திச் சுட வேண்டும். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருக்கிறவளுக்கு இது எதற்கு என்று எங்கள் சபையில் பலபேர் கேட்டாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ரைஃபிள் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, "டீச்சரும் ஒண்ணு சுடட்டும்" என்று அதுகள் கத்தின. சுட்டேன். கறுப்பு வட்டத்துக்குள் போய் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கிளப்பில் எனக்கென்று ஒரு லேன், அதாவது நின்று சுடுகிற தடம், கிடைத்தது. அங்கே நின்று இடக்கண்ணை மூடினால் போதும். அடுப்பு, வகுப்பு, திருத்தாமல் கிடக்கும் விடைத்தாள் கட்டு, மாமியாரின் மாத்திரை எல்லாம் அந்த மூடின கண்ணின் பக்கம் போய்விடும். திறந்த கண்ணுக்கு முன்னால் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருக்கும். வாரம் முழுவதும் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். லேன் கொஞ்சம், காத்திருக்கும் ஆள் நிறைய. அதனால் மாவட்டப் போட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து குறைந்தபட்சப் புள்ளி எடுக்காதவர்கள் லேனை அடுத்த ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் நான் எடுக்கவில்லை. இந்த வருஷமும் விட்டால் என் சனிக்கிழமை போச்சு. எனக்கு அடுத்ததாகக் காத்திருந்தது ஒரு கல்லூரிப் பெண். நல்ல பிள்ளை, நன்றாகவும் சுடுவாள், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே நான் என் லேனை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கவலையை வீட்டில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

என் வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் பெல்லட் வைப்பதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"கட்டைவிரலை வச்சா அழுத்துத? ஒரு தடவ ஆழமா போவும், ஒரு தடவ மேலாக்க நிக்கும். பின்ன எப்படி ஒரே இடத்துல விழும்?"

"இம்புட்டு நாளும் விழுந்துச்சுல்லா?"

"எங்க விழுந்துச்சு? போன வருசம் கோட்டை விட்டியே."

மறுநாளே பஸ் ஏறி, கங்கைகொண்டானில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழைய சிநேகிதரிடம் போய், பித்தளையில் ஒரு குச்சி கடைந்துகொண்டு வந்தார். விரலுக்குப் பதிலாக அதை வைத்து பெல்லட்டைத் தள்ள வேண்டுமாம். தள்ளினேன். நுனி தட்டையாக இருந்தது. பெல்லட் வாயோடு வாயாக நின்றதே தவிர உள்ளே போகவில்லை. குழலை நிமிர்த்தும்போது அதன் விளிம்பு நசுங்கியது. சுட்டால் ஒன்று கிழக்கே போகிறது, ஒன்று மேற்கே போகிறது. உடனே அடுத்த குச்சி வந்தது. இதற்கு நுனி உருண்டை. உள்ளே போயிற்று, ஆனால் போகிற போக்கில் பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி இருக்கும் மெல்லிய விளிம்பை விரித்துவிட்டது. ஈயம் என்ன இரும்பா? நகம் பட்டாலே தடம் விழும்.

அப்புறம் எங்கள் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. தட்டையா, உருண்டையா, பாதி உருண்டையா? எவ்வளவு ஆழம்? மயிரிழை கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும்? நான் ரசம் ஊற்றினால் இவர் தட்டுக்குப் பக்கத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்துக்கொண்டு பெல்லட்டின் தலையை அளக்கிறார். ஒரே டப்பாவில் இருந்ததையே குண்டு, ஒல்லி என்று பிரித்து என் மசாலா டப்பாவில் போட்டுவைத்தார். கடுகு எடுக்கப் போன கையில் ஈயம் வருகிறது. உயிரை வாங்கிவிட்டார் மனுஷன்.

"நான் சுடணுமா, இல்ல உங்களுக்குப் பரிசோதனை எலியா இருக்கணுமா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"பைய பேசு. இந்தா, இதையும் ஒருக்கா பாத்திரு."

மூன்றாவது குச்சி அது. பாதி உருண்டை நுனி. எவ்வளவு ஆழம் தள்ள வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்ள ஒரு மரை. வேண்டாவெறுப்பாக வாங்கித் தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே சத்தம், அதே ஆழம். அந்தச் சனிக்கிழமை என் இலக்கு அட்டையில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. தேவையான புள்ளிக்கு மேலேயே எடுத்திருந்தேன். இதில் எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? அவர் சொன்னது சரியாகிவிட்டதே! இருந்தாலும் வரும் வழியில் அவருக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம் இல்லையா? விடுவாரா?

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனைக்கு வர முடியாது என்று பாடகர் குழுவில் சொல்லி, நாலு பேர் முகம் சுளித்ததையும் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்துக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தோம். அவர் வேலிக்கு வெளியே மற்றவர்களோடு நின்றுகொண்டார். நான் லேனில் நின்று டப்பாவைத் திறந்தேன். பெல்லட்டெல்லாம் பளபளவென்றிருந்தன. துடைத்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். குச்சியால் தள்ளினேன். டக். நல்ல சகுனம். இடக்கண்ணை மூடி, மூச்சை நிறுத்தி, விசையை இழுத்தேன்.

டமார் என்று வெடித்தது. ஏர் ரைஃபிள் அப்படி வெடித்து நான் கேட்டதே இல்லை. குழலின் வாயிலிருந்து புகை. கூடவே ஒரு வாசனை. எனக்கு அது என்னவென்று புரிவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, யாருலே இங்கன தாளிக்குதது?"

மைதானமே சிரித்தது. நல்லெண்ணெய்! சாட்சாத் நல்லெண்ணெய். நான் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. மில்லில் எண்ணெய் படாத எதுவும் ஓடி அவர் பார்த்ததில்லை. பெல்லட் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி வைத்திருக்கிறார். மெஷின் ஆயில் துப்பாக்கிக்குள் இருக்கும் ரப்பரைத் தின்றுவிடும், நல்லெண்ணெய் என்றால் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஸ்பிரிங் காற்றை அமுக்கும் வேகத்தில் எண்ணெய் பற்றி வெடிக்கும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை. அதைவிட, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதும் எட்டவில்லை. ஐயோ ஆண்டவரே, அப்போது என் கையில் இருந்தது துப்பாக்கி என்பதால்தான் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

நடுவர் வந்து குழலை முகர்ந்து பார்த்துவிட்டு, "துடைச்சிட்டுச் சுடுங்க டீச்சர், ஆனா நேரம் கூட்டித் தர முடியாது" என்றார். துணியை விட்டுத் துடைத்தேன், துடைத்தேன், எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. டப்பா முழுக்க எண்ணெய். அதைத் தொடவே முடியாது. அப்போது பக்கத்து லேனிலிருந்து ஒரு கை நீண்டது. அந்தக் கல்லூரிப் பெண்.

"டீச்சர், என் பெல்லட்டை எடுத்துக்கோங்க. பரவால்ல, எடுத்துக்கோங்க."

நான் தோற்றால் அந்த லேன் அவளுக்கு. அது அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டேன். அவளுடைய பெல்லட் அந்தக் குச்சியின் ஆழத்துக்கு ஒத்து வரவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திச் சுட்டேன். முதலில் போனவை புகையோடு எங்கெங்கோ போயின. போகப் போகக் குழல் தெளிந்து, கறுப்பு வட்டம் பிடிபட ஆரம்பித்தது. கடைசியில் சுட்டதெல்லாம் நடுவிலேயே விழுந்தது. கூட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு புள்ளி குறைந்தது.

அந்தப் பெண் கிட்டே வந்து, "டீச்சர், வேணும்னா நான் வேற நாள் கேட்டு…" என்று இழுத்தாள்.

"சும்மா இரு. சனிக்கிழமை நேரத்துக்கு வந்து ஒழுங்கா சுடு" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

திரும்பும்போது இவர் ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். நான் கீழே போட்டுவிட்டு வந்த அந்தப் பித்தளைக் குச்சியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஆற்றைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"என்ன செய்யுதீய?"

"இந்தச் சனியன் இனி வீட்டுக்குள்ள வரப்படாது."

"குச்சி என்ன பாவம் செஞ்சுது? அது ஒழுங்காத்தான இருந்துச்சு! ஆத்துல குப்பையப் போடாம வண்டிய எடுங்க" என்று கத்திப் பிடுங்கிக்கொண்டேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்து தொலைத்தது. எழுந்து கூடத்துக்கு வந்தால், இவர் குளித்து, சட்டை மாட்டி, ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சாவியை மெதுவாக ஆணியில் மாட்டினார். வாரா வாரம் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலிப்பக்கம் நின்றிருந்த மனிதருக்கும் போக இடமில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

தோசைக்கல் காய்ந்தது. நல்லெண்ணெய் விட்டேன். புகை எழும்பி அந்த வாசனை மூக்கில் ஏறியதும், என் இடக்கண் தானாக மூடிக்கொண்டது. மூச்சும் நின்றது. கல்லின் கறுப்பு வட்டத்தைப் பார்த்தபடி நான் அப்படியே நின்றிருக்கிறேன்.

அடுப்படி வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"கண்ணுல புகை பட்டுட்டோ?" என்றார்.

"ஆமா" என்றேன்.