கோழிக்கு விரித்த சவுக்குச் சருகு

ஸ்டெல்லாமேரிக்குச் சந்தேகப்படத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கீரியைச் சந்தேகப்பட்டாள். காக்கையைச் சந்தேகப்பட்டாள். பக்கத்து வீட்டுச் சகாயசெல்வியின் பூனையைச் சந்தேகப்பட்டு, அந்தச் சண்டையில் அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். தன் கையால் சோறு போட்டு வளர்த்த ஒருவனை மட்டும் சந்தேகப்படவில்லை. அவன் அவளுடைய தம்பி யூஜின்.

தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்தில் காலராவில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது, அவனுக்கு நான்கு. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டுச் சமையலுக்குப் போனாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே வயது நாற்பதைத் தொட்டது. தம்பிக்குத் தலை நன்றாகத்தான் இருந்தது, எண்ணெய் தடவி வகிடெடுத்து. வேலைதான் எதிலும் நிலைக்கவில்லை. கடைசியாகத் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஆறு மாதம் இருந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"உன்ன உட்டுட்டு நான் எங்க போவப் போறேன்?" என்று மதாமும் தன் உடைந்த தமிழில் வருஷக்கணக்காகச் சொன்னவள்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் கப்பலேறிவிட்டாள். இருபது வருஷம் அடுப்படியில் வெந்தவளுக்கு அவள் கொடுத்துவிட்டுப் போனது நாலு வெள்ளைக் கோழியும் ஒரு சேவலும். ஸ்டெல்லாமேரி அழுதாள். அழுதுகொண்டே கூடையைத் தலையில் வைத்து முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அந்தக் கோழிகள்தான் அவளுக்குக் கைகொடுத்தன. நாட்டுக்கோழி முட்டையைவிடப் பெரிசு, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுப்பு. கத்தோ என்று கேக் செய்கிற வீடுகளெல்லாம் அவளுடைய முட்டைக்குக் காத்திருந்தன. இரண்டு வருஷத்தில் நாலு பன்னிரண்டாகப் பெருகிற்று. அதில் பிளான்ஷ் என்று ஒன்று. குஞ்சாக இருந்தபோது குளிரில் விறைத்துக் கிடந்ததை ரவிக்கைக்குள் வைத்துப் பிழைக்கவைத்தாள். அது அவள் குரல் கேட்டாலே ஓடிவந்து காலடியில் நிற்கும். எத்தனை செல்லம் கொடுத்தாலும் ஒரு கணக்கில் அவள் கறார். இடுகிற கோழிக்குத் தீனி, இடாத கோழிக்குக் கத்தி. ஒருத்தி சம்பளம் சும்மா தின்கிற வாய் இரண்டைத் தாங்காது. ஒன்று ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது.

தொல்லை தரையிலிருந்து வந்தது. கொல்லையில் கம்பிவலை அடித்துக் கோழிக்கு இடம் ஒதுக்கியிருந்தாள். களிமண் தரை. ஐப்பசி பிறந்தால் சேறு, சேற்றோடு எச்சம். கோழிகள் காலடியில் புண் கண்டு நொண்ட ஆரம்பித்தன. கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டினாள். உப்பு மணலாச்சே, அது வெயிலிலும் ஈரம் கோத்துக்கொண்டு கிடந்தது. உமி போட்டாள். கடல்காற்று அதை வாரிக் கொண்டுபோய்ச் சகாயசெல்வி வீட்டு மீன் குழம்பில் போட்டது. பூனைச் சண்டைக்கு முன்னால் நடந்த முதல் சண்டை அதுதான். வைக்கோல் நனைந்து பூசணம் பிடித்தது. மல்லாட்டைத் தோலைப் போட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்த வேர்க்கடலைப் பருப்புக்கு எலி வந்தது, எலியைத் தேடிக்கொண்டு சாரைப்பாம்பு வந்தது. மிச்சமிருந்தது ஆற்று மணல் ஒன்றுதான்.

அப்போதுதான் யூஜின் வாயைத் திறந்தான்.

"மணலு வேணாங்க்கா. கருவடிக்குப்பத்துக்கு அந்தாண்ட சவுக்குத் தோப்புல சருகு மெத்த மாதிரி கெடக்குது. தண்ணி நிக்காது, காத்துல பறக்காது. நான் கொண்டாந்து போடறேன்."

"நீயா?" என்றாள்.

"ஏன், நான் செய்யக் கூடாதா?"

அன்று ராத்திரி அவள் மாதா படத்துக்கு முன்னால் கூடுதலாக ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

சொன்னபடியே செய்தான். ஒரு முழ உயரத்துக்குச் சருகு விரித்தான். கோழிகள் காலை விட்டுக் கிளறுவதும் அதில் புரளுவதுமாகக் குதூகலப்பட்டன. புண் ஆறிற்று, நாற்றம் போயிற்று. "சருகைக் கிளறிவிடுறதெல்லாம் என் வேல. நீ நிம்மதியா போய்ட்டு வா" என்றான். அவள் விடியலில் பூசைக்குப் போய், அங்கிருந்து பத்திரம் எழுதுகிற நொத்தேர் வீட்டுச் சமையலுக்குப் போய், உச்சிப்பொழுதில்தான் திரும்புவாள். தம்பி திருந்திவிட்டான் என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னாள்.

கார்த்திகை கழிந்ததும் முட்டை குறைய ஆரம்பித்தது. கோழிகள் முட்டையிட வைத்திருந்த சட்டிகளில் ஏழு எட்டு என்று கிடந்த இடத்தில் நாலு, பிறகு மூன்று. "புதுத் தரையாச்சே, பழகணும்" என்றான் யூஜின். பிறகு பனி என்றான். பிறகு கீரி என்றான். கீரிக்குப் பொறி வைத்தாள். பூனைக்கு வசவு வைத்தாள். நாற்பது நாள் தபசு காலமும் வந்துவிட்டது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா நாளின் கத்தோவுக்கு முட்டை கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள். எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்பினாள். கோழிகளுக்கு மட்டும் கொண்டை ரத்தச் சிவப்பாக இருந்தது. நன்றாக இடுகிற கோழிக்குத்தான் கொண்டை அப்படிச் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தம்பி பேச்சைத்தான் நம்பினாள். சொந்தக் கண்ணைவிடச் சொந்த ரத்தம் பெரிசு.

"ஒவ்வொண்ணா கூடையில கவுத்துப் பாக்கப் போறேன், எது இடலன்னு" என்றாள் பெரிய வியாழனன்று.

யூஜின் அவசரமாகச் சொன்னான்: "அதெல்லாம் எதுக்குக்கா? நான்தான் தெனம் பாக்கறேனே. பிளான்ஷுதான். அது சட்டியில ஒக்காந்தே மாசமாச்சு. பாஸ்காவுக்கு அடிச்சிரு."

சாயங்காலம் பிளான்ஷின் சட்டியைப் பார்த்தாள். நூலாம்படை கட்டியிருந்தது.

பாஸ்கா ஞாயிறு பூசை முடிந்து வந்து கத்தியைத் தீட்டினாள். குரல் கொடுத்ததும் பிளான்ஷ் ஓடிவந்து காலடியில் நின்றது. துரத்திப் பிடிக்கவேண்டியிருந்தால்கூட மனசுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுத்தாள்.

இறகு பிடுங்கி, வயிற்றைக் கீறிக் கையை விட்டவளுக்கு விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். ஓடு கட்டி முழுசாக முற்றிய வெள்ளை முட்டை. அதற்குப் பின்னால் சரம் சரமாக மஞ்சள் கருக்கள், நாளைக்கு ஒன்று, மறுநாளைக்கு ஒன்று என்று. எத்தனையோ கோழி அறுத்த சமையல்காரிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இது இடாத கோழி இல்லை. நேற்றும் இட்டிருக்கிறது, முந்தாநாளும் இட்டிருக்கிறது.

ரத்தக் கையோடு எழுந்து வலைக்குள் போனாள். மூலையில் சருகு கூம்பிக் கிடந்த இடத்தில் கையை நுழைத்தாள். உள்ளே குழிவாக, கோழி மார்பால் அழுத்தி அழுத்தி வழவழப்பாகியிருந்த கூடு. அதில் ஒற்றையாக ஒரு வெள்ளை. எடுத்துப் பார்த்தால் முட்டை இல்லை. முட்டை மாதிரி தேய்த்து உருட்டிய சுண்ணாம்புக்கட்டி.

அந்த வித்தையை யூஜினுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், அவன் அரைஞாண் கயிற்றோடு மதாம் வீட்டுக் கொல்லையில் திரிந்த வயதில். எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி இடம் மாற்றிவிடும், கண்ணுக்கு ஒன்று விட்டுவைக்க வேண்டும் என்று. கீரிக்குச் சுண்ணாம்பு உருட்டத் தெரியாது.

மதிலுக்கு மேலே சகாயசெல்வியின் தலை தெரிந்தது. மாசக்கணக்கில் பேசாதவள், அந்த ரத்தக் கையைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பேசிவிட்டாள்.

"பிளான்ஷயா அறுத்துட்ட? அடிப்பாவி! நீ அந்தாண்ட போனதும் தெனம் ஒரே கொக்கரிப்பா இருக்குமே! உன் தம்பி கூடையில பொறுக்கினு போவானே!"

"நீ ஏன் சொல்லல செல்வி?"

"நீதான் என்னாண்ட பேசறதில்லியே. நான் இன்னாத்த சொல்றது?"

ஸ்டெல்லாமேரி கையைக் கழுவினாள். குழம்பு வைத்தாள். மசாலாவில் எதையும் குறைக்கவில்லை. மத்தியானம் யூஜின் கடைத்தெருப் பக்கமிருந்து சிகரெட் வாசனையோடு வந்து உட்கார்ந்தான். கோழி வயிற்றுக் கரு அவனுக்கு உயிர். எந்த வீட்டில் கோழி அடித்தாலும் அதைக் கேட்டு வாங்கி வந்து அவனுக்குத்தான் ஊட்டுவாள், தான் ஒரு நாளும் தின்றதில்லை. இன்றும் சோற்றின் மேல் அதைத்தான் வைத்தாள். பக்கத்தில் வேகவைத்த முட்டையை வைத்தாள். அதன் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியை வைத்தாள்.

"ஒண்ணு பிளான்ஷ் இட்டது. இன்னொண்ணு நீ செஞ்சது. தின்னு."

யூஜின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஓட்டல்காரன் கேட்டான்க்கா... கையில செலவுக்கு இல்ல. கேட்டா நீ குடுத்திருப்பியா?"

"என்னிக்காவது கேட்டுப் பாத்தியாடா?"

அவன் சுண்ணாம்புக்கட்டியைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"திருடுனது கூடப் போவட்டும். மாட்டிக்கக் கூடாதுன்னு அத அறுக்கச் சொன்னியே. என் கையாலயே அறுக்க வச்சியே." இதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

அவன் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விடவில்லை. போயிருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். வேளைக்குத் தட்டு வைத்தாள், அவனும் தின்றான். பேச்சு மட்டும் நின்றது. கோழிப் பக்கம் அவன் போவதும் நின்றது. சருகு முழுவதையும் அவளே வாரிக் கொளுத்திவிட்டு, சம்பளத்தில் ஒரு வண்டி ஆற்று மணல் வாங்கிக் கொட்டினாள். மொட்டைத் தரை. எது எங்கே கிடந்தாலும் அடுக்களையிலிருந்தே தெரியும்.

அடுத்த ஐப்பசியில் மணல் மழையில் கரைந்து ஓடிற்று. அடியில் இருந்த களிமண் மேலே வந்தது, கோழிகள் மறுபடி நொண்டின.

"சருகுதான சரியா இருந்துது? வேணும்னா நான் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றாள் மதிலுக்கு அந்தப் பக்கம் சகாயசெல்வி.

"சருகு நல்லாத்தான் இருந்துது" என்றாள் ஸ்டெல்லாமேரி. நொண்டிய கோழி ஒன்றைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு காலைத் துடைத்தாள். "வேணாம் செல்வி. கால் புண்ணுக்கு மஞ்சள் இருக்குது."

சொல்லிவிட்டுக் குழைத்த மஞ்சளை எடுத்து அதன் காலடியில் பூசினாள்.