மைதானத்துக்கு ஓலை வாசித்தார்கள்

சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தகரம் அடித்து மறைத்த ஓர் இடத்துக்குள் வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. கூரை இல்லை. சுவர் இல்லை. தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஊருக்கு நடுவே உள்விளையாட்டு ஸ்டேடியம் என்று சொல்லி ஆரம்பித்த வேலை அது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். தினமும் வயிறு எரிகிறது. ஐம்பது வயசுக்கு மேல் இவ்வளவு கோபம் ஆகாது என்றார் டாக்டர். முதலில் அந்தத் தகரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள், பிறகு மாத்திரை எழுதுங்கள் என்றேன்.

அது எங்கள் சபைக்குச் சொந்தமான மைதானம். சர்ச்சுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல் மதில் உள்ள இடம். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை நாங்கள் ஐந்து பெண்கள் அங்கே பூப்பந்து ஆடுவோம். மூன்று பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். நான் கணக்கு டீச்சர். மற்றவர்களில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தையல்காரி, ஒருத்தி பஸ் கண்டக்டர். இன்னொருத்தி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவள். இடது கைக்காரி. அவள் அடித்த பந்தை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. துப்பட்டாவைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, விழுந்தால் சிரித்து, எழுந்து, ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டி ஆடுவதற்கு இந்த ஊரில் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்த நால்வரும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. நான் சபைக்காரி என்பதால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார்.

ஸ்டேடியம் பேச்சு வந்தபோது முதலில் குதித்தது நான்தான். அந்த வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். எங்கள் பூப்பந்து கம்பளி நூலில் செய்த பந்து. மழையில் நனைந்தால் கல்லாகிவிடும், காற்றடித்தால் எங்கோ ஓடும். கூரைக்குக் கீழே, மரத் தரையில் ஆடுவதாக நினைத்துப் பார்த்தேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஸ்டேடியம் கமிட்டி போட்டிருந்தார்கள். பாதிப் பணம் அரசாங்கம் தரும், மீதியை ஊர் தரும், இடத்தை எங்கள் சபை குத்தகைக்குத் தரும் என்று பேச்சு. எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர் என் சொந்த அண்ணன்.

"உனக்குத்தாம்மா லாபம். மழை பேஞ்சாலும் ஆடிக்கினு இருக்கலாம்" என்றார்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் எழுந்து சொல்லுங்கள் என்பார்கள். நான் பிறந்த நாளிலிருந்து ஒருத்தர் எழுந்து பார்த்ததில்லை. மாப்பிள்ளை குடிகாரன் என்று முன் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை தெரிந்த கல்யாணத்துக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு போய்ப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் உடம்பிலேயே ஊறிவிட்டது. சபைச் சொத்தைக் கொடுப்பதற்கும் அதே முறைதான். மைதானத்துக்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.

ஆந்திராவில் இருக்கிற ஊர், ஒப்பந்தம் தெலுங்கில் இருந்தது. அண்ணன் அதை பஸ்ஸுக்கு நேரமானவர் போல வாசித்தார். முதல் ஞாயிறு எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. இரண்டாம் ஞாயிறு ஏறியது. வேலை தொடங்கிய நாளிலிருந்து மைதானத்துக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. கட்டி முடித்தபின் காலையும் மாலையும் ஒரு பயிற்சி அகாடமிக்கு. மற்றவர்கள் கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டும். ஃபேக்டரிக்காரி எங்கே போய்க் கட்டணம் கட்டுவாள்? அந்த வாரம் முழுக்க மனசுக்குள் கேள்வியைத் தயார் செய்தேன். மூன்றாம் ஞாயிறு அண்ணன் வாசித்து முடித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்" என்றார். காகிதத்தை மடிக்காமல் நின்றார். முழங்காலில் கை ஊன்றினேன். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. தூண் எழும்பும் வரை எல்லோரும் ஒற்றுமை. அப்புறம் முகப்பில் யார் அப்பா பெயரை வைப்பது என்று கமிட்டியில் இருந்த மாம்பழ மண்டி முதலாளிக்கும் கூழ் ஃபேக்டரி முதலாளிக்கும் சண்டை. பணம் தருவதாக மேடையில் மாலை போட்டுக்கொண்டு கொடுத்த வாக்கை இருவரும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர்ப் பங்கைக் காட்டினால்தான் எங்கள் பங்கு என்றது அரசாங்கம். அரசாங்கப் பணம் வந்தால்தான் எங்கள் பணம் என்றது ஸ்டேடியம் கமிட்டி. பிறகு கமிட்டியே இரண்டாக உடைந்தது. காலையில் ஒரு கோஷ்டி பத்திரிகைக்காரர்களுக்குக் காபி கொடுத்துப் பேசினால், மாலையில் இன்னொரு கோஷ்டி போண்டாவும் சேர்த்துக் கொடுத்துப் பேசியது. வெட்கம் கெட்டவர்கள்! அந்த மண்ணில் தினமும் கால் வைத்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் நர்ஸ் வீட்டுத் தெருவில் ஆடிப் பார்த்தோம். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஆடினோம். பந்து சாக்கடையில் விழுந்தது. திருப்பதியில் எங்கள் வயதுக்காரிகளுக்கு நடந்த போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம். 

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். நாலு சுவருக்குள் கத்த எனக்கு நன்றாக வரும்.

"உன்னால நாங்க நாயா தெருவுல ஓடிக்கினு இருக்கோம்ணா. தெரிஞ்சேதான வாசிச்ச?"

அவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "தெரியும்மா. சபைக் கமிட்டில நான் ஒருத்தன் வேணாம்னு சொல்லி ஆவல. மூணாவது வாரம் வாசிச்சுட்டு உன்னயே பாத்துக்கினு நின்னேன். நீ எழுந்திருந்தா அதச் சாக்கா வச்சு நிறுத்தியிருப்பேன். உனக்காவத்தான் அவ்வளவு நேரம் நின்னேன்."

"உன் வாய்க்கு இன்னா கேடு? நீயே சொல்றதுதான?"

"உனக்கு இன்னா கேடு?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

தூண்கள் நிற்கும் இடம் போக, மதிலோரம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. வேலைதான் நின்றுவிட்டதே, அந்தத் துண்டையாவது எங்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கேட்போம் என்று நால்வரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேடியம் கமிட்டி ஆபீசுக்குப் போனேன். ஒரு மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. ஃபேக்டரிக்காரி அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அங்கே இருந்த குமாஸ்தா எங்களை உட்காரச் சொல்லாமல் ஃபைலைப் பிரித்து, தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

"மீவாள்ளே ஒப்புகுன்னாரு கதம்மா. உங்க ஆளுங்கதான் சம்மதிச்சாங்க. சர்ச்சுல மூணு வாரம் சதிவினாரு, வாசிச்சாங்க. ஒருத்தரும் தடை சொல்லல, இதோ எழுதியிருக்கு."

விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். அதுவரை சர்ச்சில் வாசித்தது நால்வருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. பெரிய மனிதர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும்தான் மாதக் கணக்கில் அவர்களோடு சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

படியில் இறங்கும்போது ஃபேக்டரிக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, மூணு வாரமும் நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"தெலுங்குல வாசிச்சது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவள் குரலை உயர்த்தவில்லை. "நாங்க நாலு பேரும் உங்க சபைக்குள்ள வந்து பேச முடியாதுக்கா. எங்களுக்குன்னு அங்க இருந்தவ நீ ஒருத்திதான்" என்றாள்.

கையை விட்டுவிட்டுப் போனாள். மற்ற மூவரும் அவள் பின்னாலேயே இறங்கிப் போனார்கள்.