ஆளுக்கொரு காது

கம்பெனி பஸ்ஸில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது எல்லோருக்கும் வழக்கம். அன்றைக்கு நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு.

பக்கத்தில் இருந்தவன் மேகாலயாக்காரன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியல் மிஷினில் அடித்து வண்டிப் பாகங்கள் செய்கிற ஷாப்பில் என்னோடு வேலை செய்கிறவன். வந்த புதிதிலேயே எங்களிடமிருந்து ‘மச்சா’வைக் கற்றுக்கொண்டவன். தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினான்.

“ஹெவி மெட்டல், மச்சா. காதுக்கு இல்ல. இங்க” என்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

முதலில் எங்கள் ஷாப்பையே காதுக்குள் இறக்கியதுபோல் இருந்தது. நாள் முழுக்க இதைத்தானே கேட்கிறோம், காசு கொடுத்து வேறு கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. மிஷின் சுத்தியல் எப்போது விழும் என்று எனக்குத் தெரியும். இதில் அடி எப்போது விழும் என்று தெரியாது. விழுந்ததும், ஆமாம், இங்கேதான் விழ வேண்டும் என்று உடம்பு ஒப்புக்கொள்ளும். கை மயிர் எழுந்து நின்றது. பிடரி சூடானது. அந்தச் சூடு முதுகு வழியாக இறங்கி இடுப்புக்குக் கீழே போய் நின்றது. கவரைப்பேட்டை தாண்டுவதற்குள், ஆசை வந்தால் ஆண் உடம்புக்கு என்ன ஆகுமோ அது எனக்கு ஆகிவிட்டது. எதிரில் பெண் இல்லை, நினைப்பிலும் பெண் இல்லை. காதுக்குள் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதற்கும் எங்கேயாவது விளக்கம் எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புகிறவன். போனில் தேடித் தேடிப் படித்தேன். பயந்தாலும், கோபப்பட்டாலும், ஆசைப்பட்டாலும் உடம்பு முதலில் ஒரே மாதிரிதான் விழித்துக்கொள்கிறது: நெஞ்சு அடிக்கும், மூச்சு ஏறும், உள்ளங்கை வேர்க்கும். அது இன்னது என்று பேர் வைப்பது மனசின் வேலை. படித்ததும் நிம்மதியாகிவிட்டது. எனக்குக் கோளாறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். சூப்பர்வைசர் திட்டிய நாளில் கேட்டால், இறங்கும் இடம் வருவதற்குள் கோபம் இருந்த இடம் கூட்டிப் பெருக்கியதுபோல் ஆகிவிடும். இப்போதும் அப்படித்தான். சத்தமான பாட்டு ஆளை முரடனாக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கல்யாணமானதும் லைன் வீட்டில் ஒரு போர்ஷன் பிடித்தேன். ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எங்கள் கண் எரியும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் மற்றவர் கேட்கக் கூடாத சமாச்சாரம் எதுவானாலும், கதவைச் சாத்திவிட்டு டிவியையோ பாட்டையோ சத்தமாக வைத்துவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். என் பெண்டாட்டிக்குச் செல்போன் சார்ஜர் பூட்டும் கம்பெனியில் பகல் வேலை. இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும். நான் கதவைச் சாத்தி, ஸ்பீக்கரில் என் பாட்டை வைப்பேன். பக்கத்து வீட்டுக்குத் திரை, எனக்கு ஆசை, அவளுக்கும் அப்படியே ஆகும் என்பது என் கணக்கு. அணைத்துக்கொண்டால் அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் நெஞ்சில் தெரியும். அவள் கை மயிர் எழுந்து நிற்கும். எனக்கு ஆவதுபோலவே இவளுக்கும் ஆகிறதே என்று சந்தோஷப்படுவேன். அவளோ, “தல வலிக்குது மாமா” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். நான் எழுந்து பாட்டை நிறுத்திவிட்டு டீ போடுவேன். அவள் விரல்கள் மட்டும் ஐஸாக இருக்கும். கம்பெனியில் நாள் முழுக்க ஏசியில் உட்காருகிறவள், அதனால்தான் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் விட மாட்டார். “இன்னா தம்பி, உங்க ஊட்டு பாட்டுக்காரனுக்குத் தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கினுச்சா? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போப்பா, பாவம்.”

பிறகு என் பெண்டாட்டி சனிக்கிழமை சாயங்காலமே எங்கள் பக்கத்து ஆரணியில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். திரும்பி வருவது ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகு. ஒரு தடவை துணிப்பையில் நான்கைந்து புடவைகளும் ஏறின. “ஆடி வருதில்ல, மாசம் முடியிறவரைக்கும் அங்கேயே இருந்துக்கினு வேலைக்குப் போறேனே” என்றாள். ஆடியில் புதுப்பெண் பிரிந்து இருப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆடி முடிந்தும் இவள் வராமல் போனால் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு முதலில் வந்தது.

அந்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு நானே ஆரணிக்குப் போனேன். கூட்டி வரும் வழியில், பாலம் தாண்டி ஒரு கரும்பு ஜூஸ் கடையில் நிறுத்தினேன்.

“உனக்கு ஊடு புடிக்கலியா, இல்ல என்னையே புடிக்கலியா? சொல்லிடு.”

“புடிக்காம இன்னா.”

“அப்ப ஏன் ஞாயித்துக்கெழம ஆனா அக்கா ஊட்டுக்கு ஓடற?”

ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “அந்தப் பாட்ட வெக்காத மாமா.”

“அதுவா? பக்கத்துல கேக்கக் கூடாதுன்னுதானே வெக்கறேன்.”

“எங்க அப்பாவும் அதுக்குத்தான் வெப்பாரு.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

“குடிச்சிட்டு வந்தா மொதல்ல கதவ சாத்துவாரு. அப்பறம் டிவிய ஃபுல்லா வெப்பாரு. அதுக்கு அப்பறம்தான் எங்கம்மாவ அடிப்பாரு. தெருவுல எல்லாரும் டிவி பாக்கறாங்கன்னு நெனைச்சிக்குவாங்க. கதவ சாத்திட்டு சவுண்டு ஏத்தினா, அடுத்தது இன்னான்னு எனக்குத் தெரியும்.”

“நான் அடிக்கறவன் இல்ல.”

“எனக்குத் தெரியும் மாமா. என் கைக்குத் தெரியல.”

கையை நீட்டினாள். சித்திரை முடிந்த வெயிலில், பேசியதற்கே விரல்கள் சில்லிட்டிருந்தன. பயத்துக்கும் ஆசைக்கும் உடம்பு ஒன்றுபோலத்தான் விழிக்கும் என்று நான்தான் படித்திருந்தேன். படித்ததை என் உடம்புக்கு மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் நெஞ்சு அடித்ததற்கு என் மனசு பேர் வைத்துவிட்டது.

அதையும் அவளிடம் சொன்னேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்த கதையோடு சேர்த்துச் சொன்னேன். ஜூஸ் அவளுக்குப் புரையேறியது.

“அந்த ஆளு காட்டுக் கத்தல் கத்தறான். அதக் கேட்டா உனக்கு அப்பிடி ஆவுதா?”

“ஆவுது. இன்னா பண்றது?”

“சீ!” என்றாள். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வண்டியில் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள். “நானும் கேட்டுப் பாக்கறேன். சவுண்டு பட்டன் என் கையில இருக்கணும்.”

பஜாரில் ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை அவள் ஆரணிக்குப் போகவில்லை. ஞாயிறு மதியம் ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டோம். ஒயர் குட்டை. தலையோடு தலை ஒட்டினால்தான் இரண்டு பேருக்கும் எட்டும். போன் அவள் வயிற்றின் மேல் இருந்தது. கொசு முனகுகிற அளவுக்குத்தான் முதலில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். ஒரு புள்ளி ஏற்றினாள். பிறகு இன்னொன்று.

“இவன் கோவமா கத்தல மாமா. அழுவறான்” என்றாள்.

இத்தனை நாள் கேட்கிறேன், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மறுபடி கேட்டேன். கத்தலுக்கு அடியில் ஓர் அழுகை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளே சத்தத்தை ஏற்றினாள். அடி விழுகிற இடத்தில் அவள் கால் விரல்கள் மடங்கின. என் கை போய் அவள் விரல்களைத் தேடியது. வெதுவெதுப்பாக இருந்தன. அன்று அவளுக்குத் தலை வலிக்கவில்லை. ஒயர் எங்கள் கழுத்தில் சிக்கிக்கொண்டதும், கழற்றாமல் சமாளித்ததும் எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

மறுநாள் காலை இருவரும் குழாயடிக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?”

“சொல்லுக்கா.”

“காதுல ஒயரு மாட்டிக்கினா உங்களுக்குத்தான்பா ஒண்ணும் கேக்காது. எங்களுக்கெல்லாம் நல்லாவே கேக்குது. மீன் முள்ளுக்காரனயே வெச்சிடு, புண்ணியமாப் போவும்.”

எங்கள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு என் பெண்டாட்டி உள்ளே ஓடினாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனபோது, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். துணிப்பை ஆணியில் காலியாகத் தொங்கியது. புடவைகள் எல்லாம் கொடியில் இருந்தன.

அடுத்த ஞாயிறு கதவை அவளே சாத்தினாள். ஸ்பீக்கரை எடுத்து நடுச்சுவர் ஓரம் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“கைய வுடு மாமா” என்றாள். “சவுண்டு ஏத்தணும்.”